பார்க்கின்சன் நோயில் மூளையும் அசைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்ததும் முதல் சில வாரங்களுக்குக் கேள்விகள் எல்லாம் மாத்திரையைப் பற்றித்தான் இருக்கும். வினோதமான கேள்விகள் அதற்குப் பிறகுதான் வரும். காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் திணறியவர் மத்தியானம் எப்படிப் போடுகிறார்? சமதளத்தில் நகராத கால் படியில் மட்டும் எப்படி ஏறுகிறது? இங்கே இருப்பவை பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைக் கேள்விகள். மருந்தின் அளவு பற்றிய முடிவு உங்கள் நரம்பியல் மருத்துவருடையது. அதற்குள் நான் போகவில்லை.

பார்க்கின்சன் வந்தால் தசைகள் பலம் இழந்துவிடுகின்றனவா?

இல்லை. இந்தக் குழப்பத்துக்கு 200 வருட வரலாறு உண்டு. லண்டனில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதிய கட்டுரையில் இதை ‘நடுங்கும் வாதம்’ என்றுதான் அழைத்தார். ஆறு பேரை வைத்து எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. பிற்பாடு பாரிஸில் ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. வாதம் என்றால் பலம் போக வேண்டும், இவர்களுக்குப் போகவில்லை. நோயாளிகள் எல்லோரும் நடுங்குவதும் இல்லை என்றார். முதலில் எழுதியவரின் பெயரையே நோய்க்கு வைத்தார். நாம் ‘நடுக்குவாதம்’ என்று சொல்லும்போது ஷார்க்கோ எடுத்துப் போட்ட இரண்டு தவறுகளையும் ஒரே சொல்லில் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறோம்.

பலம் போகவில்லை என்பதற்குத் தூக்கத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. பார்க்கின்சன் உள்ளவர்களில் பலர் கனவு காணும்போது கையை வீசுவார்கள், உதைப்பார்கள், கத்துவார்கள். கனவுத் தூக்கத்தில் எல்லோருக்கும் உடம்பைப் பூட்டி வைக்கும் மூளைத்தண்டுப் பூட்டு இவர்களுக்குத் தளர்ந்திருக்கும். 2007-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இப்படிப்பட்டவர்களின் துணைவர்களிடம் விசாரித்தார்கள். பகலில் மெல்ல அசைந்து முணுமுணுக்கிற அதே ஆள் கனவில் வேகமாகவும் பலமாகவும் அசைகிறார், தெளிவாகப் பேசுகிறார் என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். காணொளிப் பதிவுகளிலும் அதுதான் தெரிந்தது. தசை, நரம்பு, முதுகுத்தண்டு எல்லாம் சரியாகவே இருக்கின்றன. விழித்திருக்கும்போது உத்தரவு போகிற பாதையில்தான் ஏதோ இடறுகிறது.

அப்படியானால் மூளையில் எது கெடுகிறது?

நடுமூளையில், இரண்டு பக்கமும், கறுத்த ஒரு சிறு பட்டை இருக்கிறது. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று பெயர், லத்தீனில் ‘கரும்பொருள்’. தோலுக்கு நிறம் தருகிற மெலனினுக்கு உறவான ஒரு நிறமிதான் அந்தக் கறுப்புக்குக் காரணம். செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்புச் செல்கள் இங்கே சில லட்சம் இருக்கின்றன. பார்க்கின்சனில் இவை மெல்ல மெல்ல மடிகின்றன. இறந்தவர்களின் மூளையை வெட்டிப் பார்த்தால் அந்தப் பட்டை வெளிறிப்போயிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

மொத்த மூளையின் பல்லாயிரம் கோடிச் செல்களுக்கு முன்னால் சில லட்சம் என்ன பெரிதா என்று தோன்றலாம். ஆனால் இவை ஒவ்வொன்றும் பிரம்மாண்டமாகக் கிளை விடுபவை. ஒரே ஒரு செல்லின் இழை ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்குள் போய்ப் பிரிந்து பிரிந்து லட்சக்கணக்கான இடங்களைத் தொடுகிறது. இவ்வளவு கிளையைப் பராமரிக்கிற சுமைதான் இந்தச் செல்களைச் சீக்கிரம் களைத்துவிடுகிறது என்று கருதுகிறவர்கள் உண்டு. மடியும் செல்களுக்குள் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் தப்பான வடிவில் மடங்கிக் கட்டி கட்டியாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கட்டிகளை 1912-இல் முதலில் விவரித்தவர் ஃப்ரெட்ரிக் லூவி. அதனால் அவற்றுக்கு லூவி உருண்டைகள் என்று பெயர்.

இதில் ஒரு விவரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை தேவைப்படும். டோபமைன் ஸ்ட்ரையேட்டம் முழுவதும் ஒரே சீராகக் குறைவதில்லை. புட்டாமென் என்ற பாகத்தின் பின்பகுதியில்தான் முதலில் வற்றுகிறது, அதிகமாகவும் வற்றுகிறது. பழகிப்போன, யோசிக்காமலே செய்கிற அசைவுகளைக் கவனித்துக்கொள்கிற இடம் அது.

டோபமைன் ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

அது பாதி உண்மைகூட இல்லை. அசைவு விஷயத்தில் டோபமைன் பார்க்கிற வேலை, ‘இந்தக் காரியத்துக்கு இவ்வளவு உழைப்பு போடலாம்’ என்று மூளைக்கு ஊக்கம் தருவது. ஒரு டம்ளரை எடுக்க நீங்கள் கை நீட்டும் வேகத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை. உள்ளே ஒரு கணக்கு தானாக ஓடித் தீர்மானிக்கிறது. பார்க்கின்சனில் அந்தக் கணக்கு கஞ்சத்தனமாகிவிடுகிறது.

2007-இல் வெளியான ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. பார்க்கின்சன் உள்ளவர்களை, குறிப்பிட்ட வேகத்தில் கையை நீட்டச் சொன்னார்கள். அவர்களால் அந்த வேகத்தை எட்ட முடிந்தது. குறி தப்பவும் இல்லை. ஆனால் போதுமான எண்ணிக்கையில் சரியான வேக அசைவுகளைச் சேர்க்க, மற்றவர்களைவிட அதிகமான முயற்சிகள் தேவைப்பட்டன. முடியும், ஆனால் உடம்பு தானாக அந்த வேகத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. மெதுவாகச் செய்வதைச் சோம்பல் என்று திட்டுகிற வீடுகளில் இதை யாராவது படித்துக் காட்டினால் நல்லது.

அடித்தளக் கணுக்கள் என்று மருத்துவர் சொன்னார். அவை என்ன செய்கின்றன?

மூளையின் ஆழத்தில் இருக்கிற சில நரம்புச் செல் திரள்களின் கூட்டுப்பெயர் அது. ஸ்ட்ரையேட்டம் அதன் நுழைவாசல். மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணி ‘இதைச் செய்யலாமா, அதைச் செய்யலாமா’ என்று அனுப்பும் யோசனைகளெல்லாம் அங்கே வருகின்றன. வெளிவாசல் பாலிடம் என்ற திரளின் உட்பகுதி. அந்த வெளிவாசலின் சுபாவம் வித்தியாசமானது: அது எப்போதும் ‘வேண்டாம், வேண்டாம்’ என்றே, புறணிக்குச் செய்தி அனுப்பும் தலாமஸை அடக்கிக்கொண்டிருக்கும். அசைவு என்பது, அந்த அடக்குமுறை ஓரிடத்தில் மட்டும் ஒரு கணம் தளர்வதால் நடப்பது. பிரேக் மேல் எப்போதும் கால் வைத்திருக்கிற ஓட்டுநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நகர, காலைச் சற்றே தூக்க வேண்டும்.

உள்ளே இரண்டு வழிகள் இருக்கின்றன. நேர்வழி பிரேக்கைத் தளர்த்தும். சுற்றுவழி பிரேக்கை இறுக்கும். டோபமைன் முதலாவதை ஊக்குவித்து இரண்டாவதை அமர்த்துகிறது. டோபமைன் வற்றினால் தளர்த்துவது குறைந்து, இறுக்குவது கூடுகிறது. வண்டி உறுமுகிறது, நகர மறுக்கிறது.

இந்தச் சித்திரம் 1980-களின் கடைசியில் உருவானது. அதற்கு உதவியது ஒரு விபத்து. 1982-இல் கலிஃபோர்னியாவில் சில இளம் போதைப் பழக்கக்காரர்கள் திடீரென்று சிலைபோல உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்கள் ஏற்றிக்கொண்ட கள்ளத்தயாரிப்புப் போதைப்பொருளில் எம்.பி.டி.பி. என்ற கலப்படம் இருந்தது. அது சப்ஸ்டான்ஷியா நைக்ராவைத் தேடிப்போய் அழித்திருந்தது. இந்தப் பொருளைக் கொண்டு குரங்குகளில் பார்க்கின்சனை உருவாக்கி ஆராய முடிந்தது. 1990-இல் பெர்க்மன், விக்மன், டிலாங் மூவரும் அப்படிப்பட்ட குரங்குகளில் சப்தாலமிக் உட்கரு என்ற, பயறு அளவுள்ள திரளைச் சேதப்படுத்தினார்கள். சுற்றுவழியின் நடுவில் இருப்பது அது. அசையாமல் கிடந்த குரங்குகள் அசைந்தன.

ஆனாலும் இந்தப் பிரேக் கதை முழுக் கதை அல்ல. வெளிவாசலான பாலிடத்தையே அறுவை செய்து சிறிது அழித்தால், பிரேக் போய்விடுகிற கணக்குப்படி நோயாளிக்குக் கட்டுக்கடங்காத அசைவுகள் வர வேண்டும். வருவதில்லை; இருந்தவையும் அடங்குகின்றன. இந்த முரண்தான் ஆய்வாளர்களை அடுத்த கேள்விக்குத் தள்ளியது: பிரேக் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பது மட்டும்தானா விஷயம், எந்தத் தாளத்தில் அழுத்துகிறது என்பதும் இல்லையா?

பீட்டா அலை என்கிறார்களே, அது அந்தத் தாளமா?

ஆம். எனக்கு இந்த நோயின் அறிவியலில் மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்புச் செல்கள் கூட்டாக ஏறி இறங்கும்போது மின்னலைகள் உண்டாகின்றன. நொடிக்கு ஏறக்குறைய 13 முதல் 30 முறை ஏறி இறங்குவது பீட்டா. உங்களுக்கும் எனக்கும் அசையாமல் ஒரு நிலையில் இருக்கும்போது அசைவுப் புறணியில் பீட்டா ஓங்கி இருக்கும். அசைவதற்குச் சற்று முன்பே அது தணியும், அசைவு முடிந்ததும் மறுபடி எழும். ‘இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும்’ என்று மூளை சொல்லும் சமிக்ஞை அது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சை வந்தபோது, மனித சப்தாலமிக் உட்கருவுக்குள் என்ன ஓடுகிறது என்று நேரடியாகக் கேட்க முதல்முறையாக வழி பிறந்தது. மாத்திரை போடாத நிலையில் அங்கே பீட்டா மிக பலமாக ஓடியது. டோபமைனை ஈடுகட்டும் மாத்திரையான லெவோடோப்பா கொடுத்ததும் தணிந்தது. எவ்வளவு தணிந்ததோ அந்த அளவுக்கு விறைப்பும் மந்தமும் குறைந்தன. நடுக்கம் மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதன் காரணம் அடுத்த பதிலில்.

பிறகு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். பீட்டா தொடர்ச்சியாக ஓடும் இரைச்சல் அல்ல, வெடித்து வெடித்து வருவது. சிறு வெடிப்புகள் ஆரோக்கியமான மூளையிலும் உண்டு. பார்க்கின்சனில் வெடிப்புகள் நீள்கின்றன. நீளமான வெடிப்பு ஓடுகிற நேரத்தில் ஏராளமான செல்கள் ஒரே குரலில் ஒரே வார்த்தையைக் கத்திக்கொண்டிருக்கும். எல்லோரும் சேர்ந்து கோஷம் போடுகிற கூட்டத்தில் ஒருவர் புதிதாக ஒன்றைச் சொல்ல முயன்றால் எப்படி இருக்கும்? புது அசைவுக்கான உத்தரவின் கதி அதுதான்.

சும்மா இருக்கும்போதுதான் கை நடுங்குகிறது. ஏதாவது எடுக்கப் போனால் நின்றுவிடுகிறது. ஏன்?

பார்க்கின்சனின் தனி அடையாளமே இந்த ஓய்வு நடுக்கம்தான். நொடிக்கு 4 முதல் 6 முறை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாத்திரை உருட்டுவதுபோல. மந்தமும் விறைப்பும் அடித்தளக் கணுக்களின் கோளாறு என்றால், நடுக்கத்துக்கு இரண்டாவது ஒரு சுற்றும் தேவைப்படுகிறது: சிறுமூளையிலிருந்து தலாமஸ் வழியாகப் புறணிக்குப் போகும் சுற்று. நடுக்கம் உள்ளவர்களை ஸ்கேனருக்குள் வைத்துப் பார்த்தபோது, அடித்தளக் கணுக்கள் நடுக்கம் தொடங்குகிற கணத்தில் துள்ளின. சிறுமூளைச் சுற்று நடுக்கத்தின் அளவோடு கூடவே ஏறி இறங்கியது. முன்னது சுவிட்ச், பின்னது ரெகுலேட்டர். நீங்களாக ஒரு அசைவைத் தொடங்கும்போது அந்தச் சுற்றுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது, நடுக்கம் அறுபடுகிறது. கையை நீட்டிப் பிடித்தபடியே வைத்திருந்தால் சில நொடிகளில் திரும்ப வரும்.

தூங்கும்போது நின்றுவிடும். பதற்றத்தில், மனக்கணக்குப் போடும்போது, யாராவது கையையே உற்றுப் பார்க்கும்போது கூடும். நடுக்கம் பெரிதாக இருப்பதால் நோய் முற்றிவிட்டது என்று பொருள் இல்லை. நடுக்கமே இல்லாத பார்க்கின்சனும் உண்டு.

ஒரு பக்கம் மட்டும் ஏன்?

செல் இழப்பு இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. இடது மூளையில் அதிகம் இழந்தால் வலது கை முதலில் மாட்டும். நாளடைவில் மறுபக்கமும் சேரும், ஆனால் முதலில் தொடங்கிய பக்கம்தான் பெரும்பாலும் கடைசிவரை மோசமாக இருக்கும். ஒரு பக்கத் தொடக்கம் நோயைக் கண்டறிய மருத்துவருக்கு உதவுகிற நல்ல தடயம்.

கதவருகே வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நிற்கிறார். ஆனால் படியில் ஏறுகிறார். இது எப்படி?

குடும்பங்களில் சண்டை மூட்டிவிடுகிற கேள்வி இது. ‘அப்போ முடியுது, இப்போ மட்டும் முடியலையா?’ என்ற கேள்வியைக் கேட்காத வீடு குறைவு.

நடப்பது நமக்கு யோசனை இல்லாத வேலை. அந்த யோசனை இல்லாத வேலைகளின் இடமான பின்புற புட்டாமென்தான் முதலில் வற்றியது என்று பார்த்தோம். அடித்தளக் கணுக்கள் சாதாரணமாக துணை அசைவுப் பகுதி என்ற புறணிப் பகுதியோடு கைகோத்து, உள்ளிருந்தே ‘இப்போது அடுத்த அடி, இப்போது அடுத்த அடி’ என்று தாளம் போட்டுக் கொடுக்கின்றன. பார்க்கின்சனில் அந்தப் பகுதி மந்தமாக வேலை செய்வது மூளைப் படங்களில் தெரிந்திருக்கிறது. நாமாகத் தொடங்குகிற அசைவுக்கு ஒரு நொடிக்கும் முன்பே மண்டையோட்டின் மேல் பதிவாகிற ஆயத்த அலையின் ஆரம்பப் பகுதியும் இவர்களுக்கு மெலிந்திருக்கும்.

படி என்பது வெளியிலிருந்து வரும் குறிப்பு. ஒவ்வொரு படியும் கண்ணுக்கு ‘இங்கே கால் வை’ என்கிறது. அதைப் பார்த்து அசைவது வேறு பாதை. கண்ணிலிருந்து புறணியின் பக்கவாட்டு முன்னசைவுப் பகுதிக்கும் சிறுமூளைக்கும் போகிற பாதை. அது பெரிய சேதமில்லாமல் இருக்கிறது. தரையில் குறுக்குக் கோடுகள் போட்டு வைத்தால் நடை நீள்வதும், மெட்ரோனோம் தாளத்துக்கு அடி வைக்க முடிவதும் இதனால்தான். 2010-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். சில அடி நடப்பதற்குள் உறைந்துபோகிற அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் தெருவில் சரளமாகப் போய்த் திரும்பி வந்தார். இறங்கிய மறுகணம் மறுபடி உறைந்தார். சுழலும் மிதிகட்டையே ஒவ்வொரு கணமும் காலுக்குக் குறிப்புக் கொடுத்திருக்க வேண்டும். (இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவரைச் சைக்கிளில் ஏற்றிவிடாதீர்கள். இறங்கும்போது விழுவார்.)

கதவு, குறுகிய இடம், திரும்புவது, அவசரம், கூட்டம் இவையெல்லாம் எதிர் வகை. அங்கே அடியின் நீளத்தையும் திசையையும் அந்தக் கணத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது, தாளம் அறுந்துபோகிறது. அப்படி உறையும்போது கையைப் பிடித்து முன்னால் இழுப்பது மிக மோசமான உதவி. உடம்பின் மேல்பாகம் முன்னால் போகும், கால் அங்கேயே நிற்கும். நிற்கட்டும். மூச்சு விடட்டும். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றட்டும். பிறகு தரையில் ஏதாவது ஒரு கோட்டைத் தாண்டுவதுபோலப் பெரிய அடி ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குறிப்பு இல்லாத இடத்தில் உங்கள் பாதத்தை அவர் காலுக்குக் குறுக்கே வைத்து ‘இதைத் தாண்டுங்கள்’ என்றாலும் சிலருக்கு வேலை செய்கிறது. ஆனால் தடுக்காதபடி கவனமாக.

விருந்தாளி வந்தால் நன்றாக நடக்கிறார், போனதும் பழையபடி. நடிக்கிறாரா?

நடிக்கவில்லை. கவனம் முழுவதையும் நடையில் குவித்தால், பழக்கப் பாதையைத் தவிர்த்து யோசித்துச் செய்கிற பாதையில் நடையை ஓட்ட முடியும். ஆனால் அது செலவுள்ள பாதை. நாள் முழுக்க ஒருவர் ஒவ்வொரு அடியையும் நினைத்து நினைத்து வைக்க முடியாது. விருந்தாளி போன பிறகு அவர் சோர்ந்து கிடப்பது அந்தச் செலவின் ரசீது.

நடந்துகொண்டே பேச வைத்தால் நடை சிதறுவதும் இதே காரணத்தால். கவனம் ஒன்றுதான், பேச்சு அதை எடுத்துக்கொண்டால் காலுக்கு மிச்சமில்லை. நடக்கும்போது அவரிடம் கேள்வி கேட்காமல் இருப்பது செலவில்லாத சிகிச்சை.

கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது, குரலும் தேய்ந்துவிட்டது. காது கேட்காதது எங்களுக்குத்தான் என்கிறார்!

அவர் வம்புக்குச் சொல்லவில்லை. தன் குரல் அவருக்கு வழக்கமான சத்தத்திலேயே கேட்கிறது. அசைவு சிறுத்தது மட்டுமல்ல, ‘இவ்வளவு போதும்’ என்று அளக்கிற அளவுகோலும் சேர்ந்து சிறுத்துவிட்டது. பதிவு செய்து போட்டுக் காட்டினால் அவரே திகைத்துப்போவார். ஆகவே பேச்சுப் பயிற்சியாளர்கள் ‘கத்துகிறோமோ என்று உங்களுக்கே தோன்றுகிற அளவுக்குப் பேசுங்கள்’ என்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். எழுத்துக்குக் கோடு போட்ட தாள். மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டையும் தொட வேண்டும் என்றால் எழுத்து அந்த வரிவரைக்குமாவது நிமிரும்.

லெவோடோப்பா எப்படி வேலை செய்கிறது? நாளாக நாளாக ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது?

டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டாது. அதன் முந்தைய வடிவமான லெவோடோப்பா தாண்டும். உள்ளே போய் டோபமைனாக மாறும். மூளைக்கு வெளியிலேயே மாறிக் குமட்டல் தராமல் இருக்கத்தான் கூடவே கார்பிடோப்பா போன்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள்.

1950-களின் கடைசியில் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன், மருந்தால் டோபமைன் வற்றி அசையாமல் கிடந்த முயல்களுக்கு லெவோடோப்பா செலுத்தி எழுப்பிக் காட்டினார். 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச், இறந்த பார்க்கின்சன் நோயாளிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் வற்றியிருப்பதைக் கண்டார். அடுத்த வருடமே அங்கு மனிதர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். 1967-இல் கோட்சியாஸ் அமெரிக்காவில் வாய்வழியாக, அளவை மெல்ல மெல்லக் கூட்டி, அன்றாடச் சிகிச்சையாக்கினார். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் கிடைத்தது. ஹார்னிகீவிச்சுக்குக் கிடைக்கவில்லை, அதை எதிர்த்து ஏராளமான நரம்பியலாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். எழுதியது நியாயம்தான்.

இரத்தத்தில் லெவோடோப்பாவின் ஆயுள் குறைவு. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்ப வருடங்களில் மிச்சமிருக்கும் நரம்பு முனைகள் அதை டோபமைனாக மாற்றிச் சேமித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. தொட்டியில் நிரப்பிக் குழாயில் திறப்பதுபோல. முனைகள் குறையக் குறையத் தொட்டி சுருங்குகிறது. மாத்திரை வந்ததும் வெள்ளம், தீர்ந்ததும் வறட்சி. வறட்சியில் உடம்பு கட்டிப்போகிறது. வெள்ளத்தில் உடம்பு தானாக நெளிந்து ஆடுகிறது. அந்த ஆட்டம் நடுக்கம் அல்ல. அதை நடுக்கம் என்று மருத்துவரிடம் சொன்னால், குறைக்க வேண்டிய மருந்தைக் கூட்டிவிட வாய்ப்புண்டு.

புரதம் மிகுந்த சாப்பாட்டோடு போட்டால் சிலருக்கு மாத்திரை தாமதமாகிறது. காரணம், லெவோடோப்பாவும் புரதத்தின் அமினோ அமிலங்களும் குடலிலும் மூளைத் தடுப்பிலும் ஒரே வண்டியில் இடம் பிடிக்கப் போட்டியிடுவது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே கேடு வரலாம்.

மூளைக்குள் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். சிகிச்சை என்ன செய்கிறது?

சப்தாலமிக் உட்கருவுக்குள்ளோ பாலிடத்துக்குள்ளோ மெல்லிய கம்பியைச் செலுத்தி, மார்புத் தோலுக்கு அடியில் பதித்த கருவியிலிருந்து நொடிக்குப் பெரும்பாலும் 130 முறை அளவில் மின்துடிப்பு அனுப்புவது. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பெனபிட் குழு 1987-இல் நடுக்கத்துக்காகத் தலாமஸில் தொடங்கியது; சப்தாலமிக் உட்கருவுக்கு வந்தது 1993-இல். அந்த வேகத் துடிப்பு பீட்டாவின் கூட்டுக் கோஷத்தை உடைக்கிறது. 2025-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற புதிய வகைக் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மூளை அலையைக் கேட்டுக்கொண்டே இருந்து, அதற்கேற்பத் தூண்டலைத் தாமாகக் கூட்டிக் குறைக்கின்றன.

தேர்வுக்கு ஒரு எளிய விதி உண்டு: லெவோடோப்பாவால் நல்ல நேரத்தில் எது சரியாகிறதோ அதுதான் டி.பி.எஸ்.ஸாலும் சரியாகும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, மாத்திரைக்கு அடங்காவிட்டாலும் இதற்கு அடங்கலாம். நல்ல நேரத்திலும் விழுகிறார், ஞாபகம் தடுமாறுகிறது என்றால் இந்த அறுவை அதைத் தீர்க்காது. நோயின் போக்கையும் இது நிறுத்துவதில்லை.

விழுவது ஏன் மாத்திரைக்குக் கேட்பதில்லை?

சமநிலைக்கு டோபமைன் மட்டும் போதாது. மூளைத்தண்டில் அசிட்டைல்கோலின் சுரக்கும் செல்களும், வேறு சில சுரப்புகளும் இதில் பங்கெடுக்கின்றன. நோய் அவற்றையும் தொடுகிறது. நோயின் முதல் வருடத்திலேயே அடிக்கடி விழ ஆரம்பித்தால் அது பார்க்கின்சன்தானா, அதைப் போன்ற வேறொன்றா என்று மருத்துவர் மறுபடி யோசிப்பார்.

ஸ்கேனில் தெரியுமா?

சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான் எடுக்கிறார்கள். டோபமைன் முனைகளைக் காட்டும் தனி ஸ்கேன் உண்டு. நோயை உறுதிசெய்வது இன்றும் முக்கியமாக மருத்துவரின் கண்ணும் கையும்தான்.

வேறு மருந்துகளால் இதே நிலை வருமா?

வரும். செல்லில் டோபமைனை வாங்கிக்கொள்கிற ஏற்பியை அடைக்கிற எதுவும் செய்யும். மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட், தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசைன், ஃப்ளூனரிசைன் முதலியவை. மருந்தை விட்டால் பலருக்குச் சரியாகிவிடும், மாதக்கணக்கு ஆகலாம். ஏற்கனவே பார்க்கின்சன் உள்ளவர் வயிற்றுக் கோளாறுக்கு வேறு மருத்துவரிடம் போனால், இந்த நோய் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

உடற்பயிற்சி மூளையைத் தொடுமா, தசையை மட்டுமா?

நடை, சமநிலை, மந்தம் ஆகியவற்றில் பலன் இருப்பது உறுதி. இன்னும் மருந்து தொடங்காத நோயாளிகளை வைத்து 2018-இல் வெளியான ஒரு ஆய்வில், இதயத்துடிப்பை உச்சத்தின் 80 முதல் 85 சதவீதத்துக்குக் கொண்டுபோகிற ட்ரெட்மில் பயிற்சி செய்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் அசைவுக் குறிகள் அவ்வளவாக மோசமாகவில்லை. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு மோசமாகின. மூச்சு வாங்குகிற அளவு வேகம் தேவை. இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். தாளத்துக்கு ஆடுகிற நடனமும் நல்ல தேர்வு. வெளிக் குறிப்பும் உழைப்பும் ஒன்றாகவே கிடைக்கின்றன.

செத்த செல்களுக்குப் பதில் புதிதாக நட முடியாதா?

முயல்கிறார்கள். 2025-இல் இரண்டு சிறிய ஆய்வுகள் வெளியாயின: ஒன்றில் 12 பேர், ஜப்பானில் நடந்த மற்றொன்றில் 7 பேர். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த டோபமைன் செல்களை அவர்களின் புட்டாமெனில் வைத்தார்கள். செல்கள் பிழைத்தன, கவலைப்படும்படியான கட்டிகள் வரவில்லை. பாதுகாப்பைச் சோதிப்பதுதான் இவற்றின் முதல் நோக்கம். கடையில் கிடைக்கிற சிகிச்சையாக இதை யாராவது இப்போதே விற்றால் விலகிப் போங்கள்.

மருத்துவரிடம் போனால் பத்து நிமிடம்தான். அந்த நேரம் பார்த்து நன்றாக இருக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

புதியவர் முன்னால் கவனம் குவிவதால் அப்படி இருப்பார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். மூன்று நாட்களுக்கு ஒரு தாளில் மணிவாரியாகக் குறித்துக்கொண்டு போங்கள்: மாத்திரை போட்ட நேரம், வேலை செய்ய ஆரம்பித்த நேரம், தீர்ந்த நேரம், தானாக ஆடிய நேரம், உறைந்த இடம். ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதாதீர்கள். ‘11 மணிக்குக் கதவருகே நின்றுவிட்டார், 20 நொடி’ என்று எழுதுங்கள். கட்டிப்போயிருக்கும் நேரத்தில் அவர் அனுமதியோடு அரை நிமிடம் காணொளி எடுங்கள், நடப்பதும் திரும்புவதும் பாதம் உட்பட முழுசாகத் தெரியும்படி.